குடிநோய் மீட்புத் தோழமையில் தொண்டு

குடியை நிறுத்திய ஒருவர், நிறுத்த முடியாமல் தவிக்கும் இன்னொருவருக்குக் காசு வாங்காமல் கைகொடுப்பதே இத்தொண்டு. ஏ.ஏ. என்று சுருக்கமாக அறியப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தோழமையின் பன்னிரண்டு மீட்புப் படிகளில் இது கடைசிப் படி. கூட்டம் நடக்கும் அறையைத் திறந்து நாற்காலி போடுவது, டீ போடுவது, புதிதாக வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வது, நள்ளிரவில் போன் அடித்தாலும் எடுப்பது, மருத்துவமனைக்கும் சிறைக்கும் போய்ப் பேசுவது எல்லாம் இதில் சேரும். புதியவருக்கு வழித்துணையாக நிற்கும் மூத்தவரை ‘ஸ்பான்சர்’ என்பார்கள்.

நியூயார்க் பங்குச்சந்தையில் தொழில் செய்து, குடியால் எல்லாவற்றையும் இழந்த பில் வில்சன் 1934 டிசம்பரில் குடியை விட்டார். விட்ட வேகத்தில் கண்ணில் பட்ட குடிகாரர்களையெல்லாம் திருத்தக் கிளம்பினார். மாதங்கள் ஓடின, ஒருவரும் திருந்தவில்லை. ஆனால் அவர் குடிக்காமல் இருந்தார் என்பதை மனைவி லோயிஸ் கவனித்துச் சொன்னார். 1935 மே மாதம், போன வியாபாரம் கைகூடாமல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் ஓட்டல் கூடத்தில் தனியாக நின்றபோது, பக்கத்து மதுக்கூடத்தின் பேச்சும் சிரிப்பும் அவரை இழுத்தன. அந்த நேரத்தில் அவர் தேடியது தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியை. தொலைபேசியில் ஒரு பாதிரியாரைப் பிடித்து, அவர் வழியாக ஒவ்வொருவராகக் கேட்டு, கடைசியில் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்த மருத்துவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். புத்திமதி கேட்டுச் சலித்துப்போயிருந்த அவரிடம் பில் தன் கதையை மட்டும் சொன்னார். பாப் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10தான் தோழமையின் பிறந்தநாள். அதே மாதம் இருவரும் ஆக்ரன் மருத்துவமனையில் கிடந்த ஒரு வழக்கறிஞரைப் பார்க்கப் போனார்கள். அவர் மூன்றாமவர் ஆனார். இந்தத் தொண்டின் தத்துவம் முழுதும் இந்த இரண்டு சந்திப்புகளில் அடங்கியிருக்கிறது. உதவப் போகிறவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான் போகிறார். ஆகவே அங்கே கொடுப்பவர் மேலுமில்லை, வாங்குபவர் கீழுமில்லை.

இந்த எண்ணத்துக்கு முன்னோடி உண்டு. 1840இல் பால்டிமோரில் ஆறு குடிகாரர்கள் சேர்ந்து தொடங்கிய வாஷிங்டோனியர் இயக்கம் மளமளவென்று பரவி, அரசியலிலும் பொதுவிவாதங்களிலும் சிக்கிக் கரைந்துபோனது. ஏ.ஏ. 1950இல் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகள் அப்படிப்பட்ட அழிவுக்கு அணை போட்டன: வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை, வெளி விவகாரங்களில் கருத்துச் சொல்வதில்லை, ஊடகத்தில் உறுப்பினர் பெயர் வருவதில்லை, நேரடித் தொண்டுக்குக் கூலி இல்லை. டாக்டர் பாப் ஆக்ரனின் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் கன்னியாஸ்திரி சிஸ்டர் இக்னேஷியாவோடு சேர்ந்து ஏறத்தாழ 5,000 குடிநோயாளிகளைக் கட்டணமின்றிக் கவனித்தார் என்பது தோழமை நன்றியோடு சொல்லும் கணக்கு. 1942இல் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்குள்ளும் கூட்டம் தொடங்கியது.

ஏ.ஏ. இந்தியாவுக்கு 1957இல் வந்தது. டெல்லியில் வாழ்ந்த கனடியத் தம்பதியின் முயற்சியும், அங்கிருந்து பம்பாய்க்குப் போன தொடர்பும் விதை போட்டன. இன்று தேசிய அலுவலகம் மும்பையில் இருக்கிறது.

தமிழகத்தில் குடியை நோயாகப் பார்க்கப் பழக்கியதில் சாந்தி ரங்கநாதனின் பங்கு பெரியது. கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர், 1980இல் அவர் பெயரால் சென்னையில் ஆய்வு, சிகிச்சை அறக்கட்டளையைத் தொடங்கினார். அது நடத்துவதுதான் டி.டி.கே. மருத்துவமனை. சிகிச்சை முடிந்தவரை ஏ.ஏ. கூட்டங்களுக்கு அனுப்புவதை அது வழக்கமாக்கியது. தஞ்சை வட்டாரத்து மஞ்சக்குடியில் தொடங்கிய கிராம முகாம்கள், ஊர்க்காரர்களையே உதவியாளர்களாக்கின. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தன் துக்கத்தை ஊருக்கு மருந்தாக்கிய அந்த அம்மாவை இந்த வரலாற்றில் மறக்கக் கூடாது.

தமிழகத்தில் இத்தொண்டு தேவைப்படும் ஒரு கரையைப் பார்ப்போம். புதுச்சேரிக்கு வடக்கே, 1968இல் தொடங்கிய பன்னாட்டு நகரமான ஆரோவில்லைச் சுற்றிலும் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, பொம்மையார்பாளையம் போன்ற ஊர்கள். வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் மரக்காணத்து உப்பளப் பாத்திகள். இந்தக் கரைக்கும் மதுவுக்கும் உறவு பழையது. மரக்காணம் பகுதி என்று கருதப்படும் எயிற்பட்டினத்தில் நுளைச்சியர் வடித்த தேறலைச் சிறுபாணாற்றுப்படை விருந்தாகவே காட்டுகிறது. இன்றைய குடி விருந்தாக இல்லை. மழைக்காலத்தில் உப்பள வேலை நின்றாலும் மதுக்கடை நிற்பதில்லை. 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுதும் வந்து, 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி விலகியது. 2003 முதல் சில்லறை விற்பனையே அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில். எல்லை தாண்டினால் புதுச்சேரியில் விலை இன்னும் குறைவு. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அரசு நிவாரணம் அறிவிக்கும், கைதுகள் நடக்கும். ஆனால் மறுநாள் காலையில் கை நடுங்க உட்கார்ந்திருப்பவனிடம் போய், நானும் இப்படித்தான் இருந்தேன் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். சட்டத்தால் அந்த ஆளைத் தர முடியாது.

குப்பத்தில் அநாமதேயம் காப்பது கடினம். யார் எங்கே போகிறார் என்பது தெருவுக்கே தெரியும். அதனால் முதலில் முன்வரும் ஒருவருக்கு நகரத்துத் தொண்டரைவிடக் கூடுதல் துணிச்சல் தேவை. குடும்பங்களுக்கு 1951இல் லோயிஸ் வில்சன் முன்னின்று உருவாக்கிய அல்-அனான் உண்டு. இந்தக் கரையில் குடியின் பாரத்தைச் சுமப்பவர்கள் பெண்களே. ஆரோவில் கிராமச் செயல்வழிக் குழு 1983 முதல் சுற்றுவட்டாரத்தில் இயங்கி, பெண்களின் சுய உதவிக் குழுக்களை வளர்த்திருக்கிறது. அப்படிக் கூடிப்பேசிப் பழகிய இடங்களில் வீட்டுக் குடியையும் பேச முடியும்.

தொண்டு தொண்டருக்கே மருந்து என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. மரியா பகானோ குழுவினர் 2004இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், சிகிச்சைக்குப் பிந்தைய ஓராண்டில் மற்றவருக்கு உதவியவர்களில் 40 விழுக்காட்டினர் மறுபடி குடிக்கவில்லை. உதவாதவர்களில் அது 22 விழுக்காடு.

போகும்போது இருவராகப் போக வேண்டும், ஆணிடம் ஆணும் பெண்ணிடம் பெண்ணும் பேச வேண்டும், பணம் கடன் தரக் கூடாது, போதையில் இருப்பவரோடு வாதாடக் கூடாது என்பவை அனுபவத்தில் விளைந்த வழக்கங்கள். இவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கத்தோடு வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரே போகலாம். அப்படிப்பட்டவரை முதலில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்; கதை சொல்வதும் கூட்டத்துக்கு அழைப்பதும் அதற்குப் பிறகுதான்.