தேறாத உடல்கள்

'உடம்பு தேறிருச்சா தோழர்?' 2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்துபோனதிலிருந்து இதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று கணக்கில்லை. எல்லோரும் அக்கறையோடு கேட்டவர்கள்தான். முதல் இரண்டு மாதம் 'தேறிட்டு வருது' என்றேன். ஆறாவது மாதம் 'பரவாயில்ல' என்றேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்பவர்களும் குறைந்துபோனார்கள். யாராவது கேட்டால் 'நல்லாருக்கேன்' என்று சொல்லிவிடுவது இரண்டு பக்கத்துக்கும் சௌகரியமாக இருந்தது.

தமிழில் 'தேறு' என்கிற வினை விசித்திரமானது. நோயிலிருந்து மீள்வதும் தேறுவது, பரீட்சையில் வெற்றி பெறுவதும் தேறுவது. இழவு வீட்டில் சொல்லப்படுவதும் தேறுதல்தான். எதற்கும் உதவாதவனை நாம் 'தேறாத கேஸ்' என்கிறோம். நோய்க்கும் பரீட்சைக்கும் ஒரே வினை புழங்குகிற மொழியில் நோயாளி என்பவன் கெடு வைக்கப்பட்ட மாணவன். கெடு தாண்டியும் தேறாதவன்மீது பரிதாபம் தீர்ந்து சந்தேகம் தொடங்குகிறது. அந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே பேச நினைக்கிறேன்.

எனக்குக் காய்ச்சல் ஒன்பது நாளில் விட்டது. ஆக்சிஜன் தேவைப்படவில்லை. ஆனால் மாடிப்படி இரண்டு தடவை ஏறி இறங்கினால் மறுநாள் முழுக்கப் படுக்கை. இரண்டாம் பக்கம் படித்து முடிப்பதற்குள் முதல் பக்கம் மண்டையிலிருந்து அழிந்துபோகும். வாசிப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. மருத்துவர் ரத்தம், எக்ஸ்ரே, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, 'எல்லாம் நார்மல். மனசைத் தைரியமா வச்சுக்கங்க' என்றார். ரிப்போர்ட்டில் இல்லாதது உடம்பில் இருக்க முடியாது. ஃபூக்கோ 1963-ல் எழுதிய கிளினிக்கின் பிறப்பு பற்றிய நூல் இந்த இடத்தைத்தான் பேசுகிறது. 'உனக்கு என்ன செய்கிறது?' என்று கேட்டுக்கொண்டிருந்த வைத்தியர், பிணத்தைத் திறந்து பார்க்கத் தொடங்கியபின் 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்க ஆரம்பித்தார். நோய்க்கு ஓர் இடம் வேண்டும். இடம் காட்ட முடியாத நோய் நோயாளியின் வாய்க்குள் மாட்டிக்கொள்கிறது. (சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் முப்பது வருஷமாக ஃபூக்கோவைப் பேசிவருகிறோம். கட்டிலில் கிடந்தபோதுதான் எனக்கு இது சொந்த விஷயமாகப் புரிந்தது.)

2020 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனமும் சீனாவும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, லேசான நோய் சுமார் இரண்டு வாரத்திலும் கடுமையான நோய் மூன்றிலிருந்து ஆறு வாரத்திலும் சரியாகும் என்றது. இந்த இரண்டு வாரக் கெடுவில் தேறாதவர்கள் அந்த வசந்த காலத்திலேயே ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். மே 5-ம் தேதி லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தொற்றுநோய்ப் பேராசிரியர் பால் கார்னர், ஏழு வாரமாகத் தன் உடம்பு படும் பாட்டைப் பகிரங்கமாக எழுதினார். அதே மாதம் எலிசா பெரேகோ என்கிற இத்தாலியத் தொல்லியலாளர் தன் நோய்க்கு 'லாங் கோவிட்' என்று ட்விட்டரில் பெயர் வைத்தார். எஞ்சிக் கிடப்பதைத் தோண்டி எடுப்பது அவருடைய தொழில் என்பதை நினைத்துக்கொள்ளலாம். நோயாளிகள் புழங்கிய பெயரை மருத்துவர்கள் பின்னால் வந்து எடுத்துக்கொண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் நோய்க்கு வரையறை தந்தது 2021 அக்டோபர் 6-ம் தேதிதான். தொற்றிய மூன்று மாதத்துக்குப் பிறகும் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு மாதம் நீடிக்க வேண்டும், வேறு காரணம் சொல்ல முடியாததாக இருக்க வேண்டும். பெயருக்கும் வரையறைக்கும் நடுவில் ஏறக்குறைய 17 மாதம்.

நோயாளியே நோய்க்குப் பெயர் வைப்பதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடுகிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் முன்பு இதே மாதிரி கிடந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் சந்தோஷம் கொஞ்சம் அடங்கிவிடும்.

1955 ஜூலையில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஊழியர்கள் வரிசையாக விழுந்தார்கள். காய்ச்சல், கழுத்து வலி, தசைவலி, அப்புறம் விடாத சோர்வு. நவம்பருக்குள் 292 பேர். மருத்துவமனையையே ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை மூடவேண்டியதாயிற்று. அங்கே இருந்த மெல்வின் ராம்சே என்ற மருத்துவர் இது உடம்பின் நோய்தான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1970-ல் மெக்எவெடி, பியர்ட் என்கிற இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய கேஸ் தாள்களைப் புரட்டி, அது கூட்டு ஹிஸ்டீரியா என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். விழுந்தவர்களில் பெண்கள் அதிகம் என்பது அவர்கள் காட்டிய முக்கியச் சான்றுகளில் ஒன்று. பதினைந்து வருஷம் கழித்துத் தாளைப் படித்துத் தீர்ப்பு எழுதினார்கள். தாள் படித்துத் தீர்ப்பெழுதுவது எங்கள் விமர்சனத் தொழிலிலும் உண்டு. ஆனால் அங்கே யாருக்கும் நர்ஸ் வேலை போவதில்லை.

இந்தக் கதையின் வேர் இன்னும் பின்னால், ராணுவத்தில் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் முந்நூறு சிப்பாய்களைப் பரிசோதித்து 1871-ல் எழுதினார். பலருக்கு முதலில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருக்கிறது. குணமாகிப் படைக்குத் திரும்பினால் மற்றவர்களோடு சேர்ந்து நடக்க முடியவில்லை. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது. இதயத்தில் கோளாறு ஒன்றும் அகப்படவில்லை. முதல் உலகப்போரில் இதே ஆட்கள் பிரிட்டிஷ் படையில் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். தாமஸ் லூயிஸ் என்ற இதயநோய் நிபுணர் ஹாம்ப்ஸ்டெட்டிலும் பிறகு கோல்செஸ்டரிலும் அவர்களை வைத்துப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி கொடுத்தார். தாங்குகிறவன் போர்முனைக்கு, தாங்காதவன் இலகு வேலைக்கு அல்லது வீட்டுக்கு. 1918-ல் வந்த அவருடைய நூல் இதை 'முயற்சிக் கூட்டுநோய்' என்ற பொருளில் பெயரிட்டது. அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி, இவனைத் திரும்ப அனுப்பலாமா என்பது. பயிற்சி என்பது மருந்தாகத் தெரிந்தாலும் அது சலிக்கிற சல்லடை.

அந்தச் சல்லடை சாகவில்லை. 2011-ல் லான்செட் இதழில் 'பேஸ்' என்ற ஆய்வு வந்தது. 641 நாட்பட்ட சோர்வு நோயாளிகள். படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் மனப்பயிற்சியும் பலன் தருகின்றன என்றது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களில் பிரிட்டனின் வேலை மற்றும் ஓய்வூதியத் துறையும் ஒன்று. இயலாதவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிற துறை. 2013-ல் தொடர்ச்சியாக வந்த கட்டுரை இத்தனை பேர் 'தேறிவிட்டார்கள்' என்றது. நோயாளிகள் கணக்கைத் தோண்டினார்கள். உடல் இயக்கத்துக்கான மதிப்பெண் 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஆய்வில் சேரலாம். ஆனால் 60 இருந்தாலே அந்த அளவுகோலில் தேறியதாக வைத்துவிட்டார்கள். அதாவது, உள்ளே வரும்போதே ஒருவன் அந்தப் பாடத்தில் தேறியிருக்கலாம்! பாஸ் மார்க்கைக் குறைத்துத் தேர்ச்சி விகிதத்தை ஏற்றுவது நமக்குத் தெரிந்த வித்தைதான். 2016-ல் தீர்ப்பாயத்தின் உத்தரவால் தரவுகள் வெளியே வந்தன. முதலில் வகுத்த விதிப்படி மறுபடி கணக்குப் போட்டபோது உடற்பயிற்சிப் பிரிவில் தேறியவர்கள் 22 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக இறங்கினார்கள். 2021 அக்டோபர் 29-ம் தேதி வெளியான பிரிட்டனின் புதிய மருத்துவ வழிகாட்டி இந்த நோய்க்கு அந்த உடற்பயிற்சியைக் கொடுக்கக் கூடாது என்றது. 2024 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் லாங் கோவிட் உள்ள 25 பேரைச் சைக்கிள் மிதிக்கவைத்து, முன்னும் பின்னும் தொடைத் தசையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். மிதித்தபின் தசையில் சேதம் கூடியிருந்தது. இடம் கேட்டவர்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. இதை நான் அச்செடுத்து வைத்திருக்கிறேன், யாருக்குக் காட்டுவதற்கு என்றுதான் தெரியவில்லை.

நம் ஊருக்கு வருவோம். 2020 செப்டம்பர் 13-ம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் கோவிட்டுக்குப் பிந்தைய பராமரிப்பு நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. யோகாசனம், காலை மாலை நடை, சியவன்பிராஷ், மஞ்சள் பால். எஞ்சிய நோய் என்று ஒன்று இருப்பதை ஒத்துக்கொண்டதே பெரிது என்று சொல்லலாம். ஆனால் அதில் ஒரு வாசகம் என்னை நிறுத்தியது. குணமடைந்தவர்கள் தங்களுடைய நல்ல அனுபவங்களை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டுமாம். குணமடையாதவர்கள் தங்களுடைய அனுபவங்களை என்ன செய்வது என்பதற்கு அதில் வரி இல்லை.

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். மூத்த தோழர் ஒருவர், நான் மதிக்கிறவர், சொன்னார்: 'களைப்பு மத்தியதர வர்க்கத்து நோய் தோழர். கூலிக்காரனுக்குக் களைக்க நேரம் ஏது?' கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வரலாற்றில் அவருக்கு ஆதாரமும் இருக்கிறது. நியூயார்க் மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 1869-ல் 'நரம்புத் தளர்ச்சி'யை வரையறுத்தபோது அது மூளை உழைப்பாளிகளின் நோய் என்றே எழுதினார். வசதியுள்ளவர்களுக்குப் படுக்கையும் பாலும் கொடுத்தார்கள். கூலிக்காரர்கள் அந்த ஏட்டில் ஏறவில்லை. ஆனால் ஏட்டில் ஏறாததை வைத்து நோயே வரவில்லை என்று சொல்வது அந்த மெக்எவெடி, பியர்ட் செய்த அதே வேலை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா ஞாபகம் வந்தது.

அம்மா பீடி சுற்றுகிறவள். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் தெருவில் எல்லா வீட்டுத் திண்ணையிலும் தட்டும் கத்தரியும் இருக்கும். 2006 கடைசியில் அம்மாவுக்குச் சிக்குன்குனியா வந்தது. அது ஆப்பிரிக்க நோய். 1952-53-ல் தாங்கனிக்காவின் மகொண்டே பீடபூமியில் பரவியபோது அந்த மக்கள் தங்கள் மொழியிலேயே வைத்த பெயர். உடம்பை வளைத்து மடக்குவது என்று அர்த்தம். லாங் கோவிட்டுக்கு ரொம்ப முன்னாலேயே நோயுற்ற ஜனங்கள் வைத்த பெயர் ஒன்று உலக மருத்துவ நூல்களில் ஏறியிருக்கிறது. அர்த்தம் தெரியாமல் எங்கள் ஊரில் 'சிக்கன் குனியா' என்று கோழிக்கறியை விட்டவர்கள் உண்டு. 1964-ல் சென்னையிலும் வேலூரிலும் வந்து போய், நாற்பது வருஷம் கழித்து திரும்ப வந்தது. 2006-ல் இந்தியா முழுக்க சுமார் 13 லட்சத்து 90 ஆயிரம் பேருக்கு வந்ததாக அரசு கணக்குச் சொன்னது. நேரடிச் சாவு ஒன்றுமில்லை என்றது. அகமதாபாத்தில் ஆய்வாளர்கள் மாநகராட்சியின் சாவுப் பதிவைப் பார்த்து அந்த நான்கு மாதத்தில் வழக்கத்தைவிட சுமார் 2,900 சாவு கூடுதல் என்றார்கள். சாவை எண்ணுவதிலேயே இவ்வளவு தகராறு. காய்ச்சல் விட்டபின் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், விரலிலும் கணுக்காலிலும் நின்ற வலியை யார் எண்ணுவார்கள்?

'ஏலே, வெரலு மடங்க மாட்டேங்குடே' என்பாள் அம்மா. 'காய்ச்ச விட்டுட்டுல்லா, பெறகென்ன?' என்பார் அப்பா. நான் அப்போது கல்லூரியில் முதல் வருஷம். அப்பாவை மறுத்துப் பேசியதாக ஞாபகம் இல்லை. அம்மா கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள் என்று நானும் நினைத்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

போன வருஷம் ஊருக்குப் போனபோது பரணில் அம்மாவின் பழைய பாஸ் புத்தகங்கள் கிடைத்தன. பீடிக் கடையில் எத்தனை இலை, எவ்வளவு தூள் கொடுத்தார்கள், எத்தனை பீடி திரும்ப வந்தது என்று நாள்வாரியாகக் குறித்த புத்தகம். 2006 அக்டோபர் வரை நாளொன்றுக்கு 1000. அப்புறம் மூன்று வாரம் வெற்று. திரும்ப ஆரம்பிக்கும்போது 300, 350, சில நாள் 200. கழித்துப் போட்டவை தனி. ஏப்ரல் முடிய இப்படித்தான். என் அம்மாவின் நோய்க்கு இந்த நாட்டில் இருக்கிற ஒரே எழுத்துச் சான்று ஒரு கடைக்காரரின் பால்பாயிண்ட் பேனாக் கணக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு இரண்டு பக்கமாகப் படித்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

2007 மே மாதம் கணக்கு ஏறுகிறது. 700, 900. ஜூனிலிருந்து பழையபடி 1000, ஒரு நாள்கூடக் குறையவில்லை. அம்மா தேறிவிட்டாள், ஆதாரம் இருக்கிறது என்று எழுதத் தயாராகிவிட்டேன். தங்கச்சியிடம் காட்டினேன். அவள் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

'ண்ணே, இது அம்ம சுத்துனதா? ஜூன்ல நான் பள்ளிக்கூடத்த விட்டுட்டம்லா. அம்ம முந்நூறு, நான் எழுநூறு. எண்ணம் கொறஞ்சா கடைக்காரரு பாஸ்ஸப் புடுங்கிருவாரு.'