செர்னிகோவ்ஸ்கி பரிசு: எபிரேயம் மொழிபெயர்ப்பாளர்க்குச் செய்த சிறப்பு

எபிரேய மொழியில் வெளிவரும் சிறந்த மொழிபெயர்ப்புகளுக்கென டெல் அவீவ் நகராட்சி 1942ஆம் ஆண்டில் ஒரு பரிசினை நிறுவிற்று. இலக்கியத்திற்கான பியாலிக் பரிசு 1933 முதலே அந்நகராட்சியால் வழங்கப்பட்டு வந்தது. ஆயினும் மொழிபெயர்ப்பாளனை மூலநூலாசிரியனின் நிழலில் நிறுத்தாமல் தனிப் பரிசே கண்டனர்.

அன்று அங்குக் குடியேறியிருந்தோருள் பலர் உருசிய மொழியையோ செருமானியத்தையோ நன்கறிந்தவர்கள். புஷ்கினை மூலத்திலேயே படித்தவர்கள். அவர்களுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? தேவை அவர்களுடைய பிள்ளைகளுக்கு இருந்தது. எபிரேயம் ஒன்றையே தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த அத்தலைமுறைக்கு உலக இலக்கியம் அம்மொழி வழியாகவே வந்தாக வேண்டும்.

இம்முயற்சி அதற்கும் முற்பட்டது. வீடுகளில் எபிரேயம் பேசப்படாத காலத்திலேயே, 1874இல், சால்கின்சன் என்பார் ஒதெல்லோவை மொழிபெயர்த்தார். அவர் கையில் ஒதெல்லோ ‘ஈத்தியேல்’ என்னும் விவிலியப் பெயர் பூண்டான்.

பரிசுக்குப் பெயர் தந்த சவூல் செர்னிகோவ்ஸ்கி (1875–1943) கவிஞர், தொழிலால் மருத்துவர். ஹைடல்பர்க்கிலும் லோசானிலும் மருத்துவம் பயின்றவர். ஹோமரின் இரு காவியங்களையும், கில்கமேஷையும், பின்லாந்தின் கலேவலாவையும் எபிரேயத்தில் தந்தார். 1931இல் பாலஸ்தீனத்தில் குடியேறி, டெல் அவீவ் பள்ளிகளில் மருத்துவராகப் பணிபுரிந்தார். மருத்துவர் மாசி முடிக்காது விட்டுச்சென்ற மருத்துவச் சொல் அகராதியை நிறைவு செய்து 1934இல் வெளிக்கொணர்ந்தவரும் இவரே. துராய்ப் போர்க்களத்துப் படைக்கலங்களுக்கும் மனித உடலின் எலும்பு நரம்புகளுக்கும் சொல் தேடியது ஒரே கை! தம் பெயரால் பரிசு அமைந்ததைக் கண்டு, மறு ஆண்டே மறைந்தார்.

1946இல் அப்பரிசினைப் பெற்றோருள் ஆபிரகாம் ஷ்லோன்ஸ்கி ஒருவர். புஷ்கினின் ‘யூஜின் ஒனேகின்’, ஷேக்ஸ்பியரின் ‘ஹேம்லட்’ ஆகியவற்றின் மொழிபெயர்ப்புக்காக அது வழங்கப்பட்டது. பதினான்கு அடிச் செய்யுளைச் சந்தமும் இயைபும் கெடாமல் கொணர்வது எளிதன்று. இல்லாத சொல்லை ஆக்கிக்கொள்ள அவர் தயங்கியதேயில்லை. எபிரேயத்தில் ‘லாஷோன்’ என்றால் மொழி. அதனால் நண்பர்கள் அவரை ‘லாஷோன்ஸ்கி’ என்றே கேலியாக அழைத்தனர். பரிசு பெற்ற பின்னரும் ஒனேகினை அவர் விட்டுவிடவில்லை. திருத்திப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்.

செர்னிகோவ்ஸ்கியின் இளமைக்காலக் கவிதைகள் கிழக்கு ஐரோப்பிய யூதரின் உச்சரிப்பில் அமைந்தவை. பாலஸ்தீனத்தில் வேரூன்றியதோ செபார்டிய உச்சரிப்பு. சொல்லில் அழுத்தம் விழும் இடம் மாறவே, அக்கவிதைகளின் சந்தம் இன்றைய வாசகர் நாவில் நொண்டுகிறது. அவருடைய ஹோமரும் இளைஞர்க்கு அரிய நடையாகிவிட்டது. 2010களில் கவிஞர் அகரோன் ஷப்தாய் அக்காவியங்களை எபிரேயத்தில் மீண்டும் மொழிபெயர்த்தார்.