பத்து நாளில் நிறுத்திய குளிசை

நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர், கை நடுக்கத்துக்குக் கிளினிக்கில் தந்த குளிசையைப் பத்து நாளில் நிறுத்திவிட்டார். "குடிச்சும் ஒண்டும் தெரியல்ல" என்றார். அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, இந்தக் குளிசைக்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தோம்.

அவர் பெயர் ஜோர்ஜ் கொட்சியாஸ். 1918இல் கிரீஸின் கிரீட் தீவில் பிறந்தவர். தந்தை ஏதென்ஸ் நகர மேயராக இருந்தவர். ஜேர்மன் படை கிரீஸுக்குள் நுழைந்த 1941இல் அமெரிக்காவுக்குத் தப்பிப் போய், ஹாவார்டில் மருத்துவம் முடித்து நரம்பியல் பயின்றார். பிறகு நியூயோர்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். மங்கனீசுத் தூசியைச் சுவாசித்து உடல் விறைத்துப்போன சிலி நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களை ஆராய்ந்தார். அவர்களது நோய் பார்க்கின்சன் நோயைப் போலவே இருந்தது.

ஜேம்ஸ் பார்க்கின்சன் அந்த நோயை 1817இலேயே எழுதிவைத்திருந்தார். உருப்படியான மருந்துதான் இல்லை. நோயாளியின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதை 1960இல் வியன்னாவில் கண்டுபிடித்தார்கள். மறுவருடம் டோபா என்ற பொருளை ஊசியாக ஏற்றியபோது, எழும்ப முடியாதவர்கள் எழும்பி நடந்தார்கள். ஆனால் சில மணித்தியாலத்தில் பழைய நிலைதான். வேறு பலர் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்து, பிரயோசனமில்லை என்று கைவிட்டார்கள்.

கொட்சியாஸ் கைவிடவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: அவர் முதலில் தேடியது டோபமைனை அல்ல, இந்த நோயில் மூளையில் மங்கிப்போகும் கறுப்பு நிறமியைத் திரும்பக் கொண்டுவரும் வழியை! காரணம் பிழை, கை வைத்த இடம் சரி. நோயாளிகளை ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து, வாய்வழியாக மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டினார். குமட்டினால் கூட்டாமல் பொறுத்திருந்தார். சிலருக்கு நாளொன்றுக்கு 16 கிராம் வரை போனது. 1967இல் வெளியான முடிவில், 16 பேரில் 8 பேருக்கு நல்ல குணம் தெரிந்தது. சிலரின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்ததையும் மறைக்காமல் எழுதினார். பிறகு அந்தப் பொருளின் ஒரு வடிவமான லெவோடோபாவை மட்டும் பிரித்துக் கொடுத்தார். குறைந்த அளவே போதுமாக இருந்தது. 1969இல் லாஸ்கர் விருது கிடைத்தது. மருந்தால் உடல் தானாக அசைந்து நெளியும் பக்கவிளைவையும் அவரே பதிவு செய்தார். நோயை வேரோடு எடுக்கும் மருந்து அல்ல இது. நடக்க, உண்ண, உடுக்க உதவும் மருந்து.

இன்று லெவோடோபாவோடு இன்னொரு மருந்தும் சேர்த்து ஒரே குளிசையாக வருகிறது. அதனால் கிராம் கணக்கில் விழுங்கத் தேவையில்லை. ஆனால் மெல்லக் கூட்டும் முறை மாறவில்லை. பத்து நாள் அதற்குக் காணாது. திடீரென்று விட்டால் உடல் கடுமையாக விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் யாராவது நிறுத்த யோசித்தால் முதலில் கிளினிக் டொக்டரிடம் கூட்டிப் போங்கள்.

கொட்சியாஸ் 1977இல், 58 வயதில், நுரையீரல் புற்றுநோயால் காலமானார். நம் பெரியவர் வரும் கிளினிக் நாளுக்கு மகனோடு போகச் சம்மதித்திருக்கிறார்.