ஒன்பதில் முடியும் விலை

ரூ. 100 என்று போடவேண்டிய இடத்தில் ரூ. 99 என்று போட்டிருப்பதைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். ஒரு ரூபாய்க் குறைவுக்கு அவ்வளவு சக்தி உண்டா?

அமெரிக்கத் தபால்வழி விற்பனை நிறுவனம் ஒன்று இதைச் சோதித்துப் பார்த்ததை எலி கின்ஸ்பர்க் என்ற பொருளாதார அறிஞர் 1936-இல் எழுதினார். சில விலைப்பட்டியல்களில் 49 சென்ட். சிலவற்றில் அதே பொருளுக்கு 50 சென்ட். சில பொருள்களில் லாபம், சிலவற்றில் நஷ்டம். தெளிவான முடிவு கிட்டவில்லை.

எரிக் ஆண்டர்சன், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பெண்கள் உடை ஒன்றுக்கு 34, 39, 44 டாலர் என மூன்று விலைகளை அச்சிட்டு, வெவ்வேறு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினர். எது அதிகம் விற்றிருக்கும்? 34 என்பீர்கள். இல்லை, 39!

இடப்பக்க இலக்கமே முதலில் கண்ணில் படுவதால் 39 நமக்கு 'முப்பது சொச்சம்' ஆகிவிடுகிறது என்பார்கள். ஆனால் 34-உம் முப்பது சொச்சந்தானே! 9-ஐக் கண்டாலே 'மலிவு' என்று எண்ணப் பழகிவிட்டோம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 'தள்ளுபடி' என்றே அச்சிட்ட இடங்களில் 9-இன் வேகம் குறைந்தது. சரியான விலை இன்னதென்று வாங்குவோர் அறியாத புதுப் பொருள்களில்தான் அது கூடுதலாக வேலை செய்தது.