ஒரு அழுத்து, ஒரு செயல்

1980களின் நடுவில் ஜப்பானியச் சிறுவர்கள் கொண்டாடிய நாயகர்களில் ஒருவர், ஹட்சன் சாஃப்ட் ஊழியரான தகாஹாஷி மெய்ஜின். வீடியோ கேம் பட்டனை விநாடிக்கு 16 முறை தட்டுவார் என்பதுதான் அவர் புகழ். அழுத்தங்களை எண்ணிக் காட்டும் 'ஷூட்டிங் வாட்ச்' என்ற குட்டிக் கருவியை ஹட்சன் விற்க, பையன்கள் விரல் தேயப் பழகினார்கள். வேடிக்கை என்னவென்றால், பட்டனை அமுக்கிப் பிடித்தாலே சரமாரியாகச் சுடும் 'ஜாய் கார்டை' விற்றதும் அதே ஹட்சன்தான்!

விரலா, எந்திரமா என்ற இந்த வழக்கு கணினிக்குத் தாவியபோது அதற்கு மேக்ரோ என்று பெயர். பல அழுத்தங்களைப் பதிந்துவைத்து ஒரே தட்டில் ஓடவிடும் வித்தை அது. 1997இல் வந்த அல்டிமா ஆன்லைன் விளையாட்டிலேயே மேக்ரோ வசதி இருந்தது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதில் திறமை கூடும் என்பதால், மேக்ரோவை ஓடவிட்டுத் தூங்கப் போனவர்கள் உண்டு. கண்காணிப்பாளர்கள் பாத்திரத்தின் அருகில் வந்து பேச்சுக் கொடுப்பார்கள். பதில் வராவிட்டால் தண்டனை.

விரலுக்கும் எந்திரத்துக்கும் நடுவே கோடு அழுத்தமாக விழுந்தது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில். 40 பேர் கூடி ஓர் அரக்கனைத் தாக்கும்போது யாருக்குச் சாபம் பிடித்திருக்கிறது என்று தேடி நீக்குவது சிலரின் வேலை. 'டிகர்சிவ்' என்ற துணைநிரல் ஆளையும் தேர்ந்தெடுத்து, மந்திரத்தையும் ஏவிவிடும். வீரர் ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தால் போதும். 2006 டிசம்பரில் வந்த 2.0 திருத்தத்தில், விளையாட்டை உருவாக்கிய பிளிஸார்ட் நிறுவனம் இதற்குப் பூட்டுப் போட்டது. முடிவெடுப்பது மனிதனாக இருக்க வேண்டும். ஒரு அழுத்துக்கு ஒரு செயல்.

அப்படியானால் பட்டன்களைப் பெருக்கினால் ஆயிற்று. 2009இல் வந்த ரேசர் நாகா மவுஸில் கட்டைவிரலுக்கு மட்டும் 12 பட்டன்கள். 2012இல் லாஜிடெக் ஜி600 மொத்தம் 20 பட்டன்களோடு வந்தது. விதியை மீறாமல் விதியின் விளிம்பில் நடந்த இந்த மவுஸ்களை, சாமர்த்தியமான வியாபாரம் என்றே சொல்ல வேண்டும்.

உண்மையான தலைவலி மவுஸுக்குள் நினைவகம் புகுந்ததில் இருந்தது. 2005இலேயே ரேசர் காப்பர்ஹெட்டில் 32 கேபி இடம் இருந்தது. மேக்ரோ மவுஸிலேயே குடியிருந்தால் கணினியில் மென்பொருள் எதுவும் ஓட வேண்டியதில்லை. கணினிக்கு எல்லாம் சாதாரண அழுத்தங்களாகவே வந்து சேரும். மனித விரலுக்கு வாய்க்காத ஒரே சீரான இடைவெளிதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

2017இல் பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு பரவியபோது மேக்ரோ துப்பாக்கிக்கு வந்தது. தொடர்ந்து சுட்டால் குழல் மேலே எகிறும். மவுஸைக் கீழே இழுத்து அதை அடக்குவதுதான் வீரரின் கைத்திறன். லாஜிடெக் மென்பொருள் ஏற்றுக்கொண்ட லுவா நிரலில் சில வரிகள் எழுதி, அந்த இழுப்பையும் மவுஸிடமே ஒப்படைத்தார்கள். தைவானின் ஏ4டெக், 'பிளடி' மவுஸ்களில் இதற்கான வசதியை வெளிப்படையாகவே விற்றது.

அண்மைச் சண்டை கீபோர்டில் நடந்தது. எதிரெதிர்த் திசைக்கான இரண்டு விசைகளும் அமுங்கியிருந்தால் கடைசியாக அழுத்தியதை மட்டும் ஏற்கும் 'ஸ்னாப் டாப்' வசதியை ரேசர் 2024 ஜூலையில் வெளியிட்டது. ஓடிக்கொண்டே சட்டென நின்று சுட, பல ஆண்டுப் பழக்கம் தேவைப்பட்ட கவுன்டர் ஸ்டிரைக்கில் அது பெரிய சலுகை. அடுத்த மாதமே அந்த விளையாட்டின் வால்வ் நிறுவனம் தன் அதிகாரபூர்வ சர்வர்களில் அதைத் தடை செய்தது. பிடிபட்டால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றம். கீபோர்டு மட்டும் கடைகளில் தொடர்ந்து விற்றது.