மனு வேறு, கிளேம் வேறு

கிள்ளான் அரங்கத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: “2007-இல் மகாராணி மேல போட்ட கேஸ்தானே?”

இல்லை, ஐயா. நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூர் பேரணியில் மகாராணியாருக்குக் கொண்டு சென்றது மனு. நமக்காக வாதாட ஒரு வழக்கறிஞரை அமர்த்தித் தாருங்கள் என்ற வேண்டுகோள். கிளேம் அதற்கு முன்பே, ஆகஸ்டு 30-இல், லண்டன் நீதிமன்றத்தில் பதிவாகிவிட்டது. வேதமூர்த்தி அதைத் தொடுத்தது பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மீது. நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து, சுதந்திரத்தின்போது பாதுகாப்பின்றி விட்டுப் போனதற்கு 4 லட்சம் கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு.

மனு என்றால் கேட்கிறோம். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். கிளேம் என்றால் ‘இது எனக்குச் சேர வேண்டியது’ என்கிறோம். எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் சொக்சோ பாரம் போல நிரப்பியதும் பணம் வராது. யார் செய்த தவறு, யாருக்கு என்ன நட்டம் என்பதை வழக்குத் தொடுத்தவரே நிரூபிக்க வேண்டும். 2012 ஜூலையில் அந்தக் கிளேமை மீண்டும் பதிவு செய்தபோதும் அந்தப் பாரம் நம் பக்கம்தான் இருந்தது.