தாராசுரத்துக் கல்லில் மனிதன்

பள்ளிப் பணியில் இருந்தபோது, பாபநாசத்திலிருந்து மாணவர்களைத் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். ஒருமுறை, கருவறைப் புறச்சுவரின் அடியில் வரிசையாக அமைந்த சிறு சிற்பங்களைக் கண்ட மாணவன் ஒருவன், "ஐயா, இவர்கள் மனிதர்களாயிற்றே! தெய்வத்தின் சுவரில் இவர்களுக்கு ஏது இடம்?" என்று வினவினான். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

இக்கோயிலை எழுப்பியவன் 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் இராசராசன். அவனுக்கு முன் அரசாண்ட இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார். அந்நூல் போற்றும் அடியார்களே இங்குக் கல்லில் நிற்கின்றனர். அவர்களுள் வேடர் உண்டு, குயவர் உண்டு, வண்ணார் உண்டு, பரதவரும் உண்டு.

இத்தாலியில் மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் ஆலய விதானத்தில் ஓவியம் தீட்டினார். அங்கே இறைவனும் ஆதாமும் ஒருவரை நோக்கி ஒருவர் கை நீட்டுகின்றனர். மனிதனின் பெருமையை அவர் உடலின் எழிலில் கண்டார். நம் சிற்பியோ அன்பின் செயலில் கண்டான். இறைவனுக்கு அருகே மனிதனை நிறுத்தும் துணிவு இருவருக்கும் பொது.

ஆயினும், நேயர்களே, ஒன்றை மறைத்தல் ஆகாது. திருநாளைப்போவாருக்கு அச்சுவரில் இடம் தந்த நாடு, அவர் குலத்தாருக்குக் கோயில் வாயிலைத் திறக்க 1947ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. கல் ஒப்புக்கொண்டதை மனம் ஒப்புக்கொள்ள எண்ணூறு ஆண்டுகள் ஆயின. அம்மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே.